ஒனக்கு இங்க என்ன கொறச்சல்?

வணக்கம் அண்ணே,

தக்கலை பக்கத்துல இருந்து எழுதுறேன், பேர் போடாண்டாம். மகள் பிளஸ் ஒன் படிக்கா. மூணு மாசமா ஆளே மாறிட்டா. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறா, கதவைச் சாத்திக்கிடுறா, ஆசையாப் போன கீபோர்டு கிளாஸையும் விட்டுட்டா. காலையில எந்திச்சா வயித்து வலி, ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கும் லைட் எரியுது. அவ டைரிய எடுத்து வாசிச்சேன், "எதுக்கு இருக்கேன்னே தெரியல"ன்னு எழுதியிருக்கா. மாமியார்ட்டயும் தங்கச்சிட்டயும் காட்டுனேன், வயசுக் கோளாறுன்னாங்க. வீட்டுக்காரர் போனுதான் காரணம்னு சொல்லுதாரு. நாங்க அவளுக்கு ஒரு கொறையும் வைக்கல. இது வயசா, நோயா? டாக்டர்ட்ட போனா நாளைக்கு கல்யாணத்துக்கு தடையாகாதா?

அன்புள்ள தங்கச்சி,

உங்க கடிதத்த நாலு தடவ வாசிச்சேன், நாலு தடவயும் ஒரே வரியில நின்னுட்டேன். "ஒரு கொறையும் வைக்கல." போன வாரம்தான் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுல ஒரு அப்பா மகனைப் பிடிச்சு நிறுத்தி "ஒனக்கு இங்க என்னலே கொறச்சல்"னு கேட்டுட்டு நின்னாரு, பையன் தலைய குனிஞ்சு செருப்பையே பாத்துட்டு நின்னான். அன்னையில இருந்து எனக்கு மனசே சரியில்ல.

அதுக்குக் காரணம் எனக்க அண்ணன். 1991, அவன் பிளஸ் டூ. எங்க வீடு குழித்துறைக்குப் பக்கம், அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. தினம் காலையில ஸ்கூலுக்குக் கெளம்புற நேரத்துக்கு அண்ணனுக்கு வயித்து வலி வரும். அம்மாச்சி ஓமத்தண்ணி குடுப்பா, சுக்கு இடிச்சுக் குடுப்பா, திருஷ்டி சுத்திப் போடுவா. அப்பா வெட்டு முடிஞ்சு வந்து, கையில பால் ஒட்டிக் காஞ்சிருக்கும், வாசல்ல நின்னு கேப்பாரு, "மூணு நேரம் சோறு இருக்கு, மேலுக்கு துணி இருக்கு, ஒனக்கு இங்க என்னலே கொறச்சல்?" அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டான். ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் எங்கிட்ட சொன்னான். "அப்பா கேட்டதும் நான் யோசிச்சுப் பாத்தேன்லே, நெசமாவே ஒரு கொறையும் இல்ல. அப்ப கொறை நான்தான்னு நெனச்சேன்."

இத எப்படிச் சொன்னா உங்களுக்கு வெளங்கும்னு தெரியல. அந்தக் கேள்விக்கு ஒரு பிள்ளையால பதில் சொல்ல முடியாது. சோறும் பீசும் யூனிபார்மும் கணக்குல வரும், உள்ள கிடக்குற பாரம் எந்தக் கணக்குலயும் வராது, அப்ப கேக்குற ஒவ்வொரு தடவயும் அந்தப் பிள்ளை தன்னைத்தான் குத்தவாளி ஆக்கிக்கிடும், அடுத்த தடவ வாயே தெறக்காது. நீங்க பாசத்துலதான் கேக்குதீங்க, எங்க அப்பாவும் பாசத்துலதான் கேட்டாரு. அதுக்காக அது சரியான கேள்வி ஆகிடாது.

இப்ப உங்க கேள்விக்கு வாறேன். வயசுப் பிள்ளைகள்ட்ட மனச்சோர்வு எப்பவும் அழுகையா வராது, எரிச்சலா வரும், வயித்து வலியா வரும், ஆசையாச் செஞ்ச காரியம் வெறுத்துப்போறதா வரும். இப்படி ரெண்டு வாரத்துக்கு மேல விடாம இருந்தாலே டாக்டர் பாக்கணும், நீங்க மூணு மாசம்னு எழுதியிருக்கீங்க. 10ல இருந்து 19 வயசுக்குள்ள ஏழுல ஒரு பிள்ளைக்கு மனநலப் பிரச்சினை இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதனால உங்க வீட்டுல மட்டும் ஏதோ நடந்துபோச்சுன்னு நெனக்காண்டாம். அந்த வயசுல ஒறக்கம் வாற நேரம் தானாவே பிந்திப் போறது உண்டு, அது வேற. "எதுக்கு இருக்கேன்"னு ஒரு பிள்ளை எழுதினா அதுக்குப் பேர் வயசுக் கோளாறு இல்ல. போன் விஷயம், கீபோர்டு பீஸு எல்லாம் பொறவு பேசலாம்.

கல்யாணமா? பதினாறு வயசுப் பிள்ளை உயிரோட இருக்கணும் தங்கச்சி, மொதல்ல அதப் பாருங்க! டாக்டர்ட்ட சொன்னது வெளிய போகாது, 2017 மனநலச் சட்டத்துலயே அந்த ரகசியத்த உரிமையா எழுதி வச்சிருக்கு. ஊருக்குச் சொன்னது டாக்டர் இல்ல, நீங்க. டைரிய வாசிச்சதையாவது பயத்துல செஞ்சதுன்னு விடலாம், அத மாமியார் கையில குடுத்தீங்களே, அது என்ன நியாயம்? அவ மனசத் தெறந்து பேசுன ஒரே இடம் அந்த நோட்டு. அதையும் அடைச்சிட்டீங்க. இத உங்க அண்ணன் ஸ்தானத்துல நின்னு கோவமாத்தான் சொல்லுறேன்.

இன்னைக்கு ராத்திரியே அவ பக்கத்துல போய் உக்காருங்க. "சாகணும்னு தோணுதா மக்களே"ன்னு நேரடியாவே கேளுங்க. கேட்டா புதுசா எண்ணம் வந்துராது, கேக்க ஒரு ஆள் இருக்குன்னுதான் பிள்ளைக்குத் தோணும். ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, விடியட்டும்னு காத்திருக்கவும் செய்யாதீங்க, அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வீட்டுல உள்ள மாத்திரை, தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து எல்லாத்தையும் பூட்டி வைங்க. 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர், ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு இல்ல. இல்லன்னு சொன்னாலும் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுல மனநலப் பிரிவு இருக்கு, இந்த வாரமே போங்க.

எங்க அண்ணனை திருவனந்தபுரத்துல ஒரு டாக்டர்ட்ட கொண்டுபோனது அவனோட வாத்தியார் ஒருத்தர் சொல்லித்தான். அதுக்குள்ள ஒரு வருஷம் போயிருந்து. அந்த டாக்டர் மொதல்ல செஞ்ச வேலை அப்பாவ வெளிய போகச் சொன்னதுதான். அப்பா பெஞ்சுல உக்காரல்ல, ஒரு மணிக்கூர் செவரப் பிடிச்சுட்டு நின்னாரு. திரும்பி வாற பஸ்ஸுல யாரும் பேசல. அதுக்குப் பொறவு அவரு அந்தக் கேள்வியக் கேட்டதே இல்ல. சாயங்காலம் ரூம் வாசல்ல வந்து நின்னு "சாயா போட்டிருக்கு, வா மக்கா"ம்பாரு. மொதல்ல கொஞ்ச நாள் அண்ணன் வரல, அப்பாவும் விடல, தினம் போய் நின்னாரு. ஒருநாள் வந்து திண்ணையில உக்காந்தான். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம சாயா குடிச்சாங்க, நான் பாத்துட்டு இருந்தேன்.

டைரிய மாமியார்ட்ட இருந்து வாங்கி, மன்னிப்பு கேட்டு அவ கையில குடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து எனக்கு எழுதுங்க, அந்தக் கடிதத்த நான் இங்க போட மாட்டேன்.