தம்பி, அந்த ஊசி வேண்டாம்

23 வயது, 52 கிலோ, ஜிம்மில் ஒருவர் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சீக்கிரம் உடம்பு ஏறும் என்கிறார், போடலாமா என்று கேட்டிருக்கிறாய். போடாதே தம்பி. வெளியிலிருந்து ஏற்ற ஏற்ற, உடம்பு தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும், விந்தணு குறையும், ஊசியை நிறுத்தும்போது மனசு இன்னும் கீழே போகும்.

ஆனால் நீ போகிற போக்கில் எழுதியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பனியன், கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை, விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு, அம்மாவிடம் எரிந்து விழுகிறேன். இது மனச்சோர்வாக இருக்கலாம். ஆண்களுக்குப் பல சமயம் அது அழுகையாக வராமல் இப்படிக் கோபமாக வரும், "ஆம்பளைன்னா தாங்கணும்" என்றே வளர்த்துவிட்டதால் நமக்கே பிடிபடுவதில்லை. சித்தப்பா "நோஞ்சான்" என்றால் வலிக்கிறது என்று அவரிடமே சொல்லு, தப்பே இல்லை.

14416க்குக் கூப்பிடு. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 முதல் அரசு நடத்துவது, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அப்புறம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு மனநல மருத்துவரைப் பார். எடை ஏன் ஏறவில்லை என்று தைராய்டு, சர்க்கரையையும் பார்க்கச் சொல். சாகலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் விடியட்டும் என்று இருக்காதே, அப்போதே கூப்பிடு.