2147483647: கணக்கு வாத்தியாரிடம் கேளுங்கள்

வாய்விட்டுச் சொன்னால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இந்த ஒரு எண்ணுக்கே இத்தனை பேர் கேட்டிருப்பதால் இன்று வேறு எதையும் தொடவில்லை.

கேள்வி: சார், இது பகா எண் என்கிறார்கள். உட்கார்ந்து வகுத்துப் பார்த்தது யார்?

பதில்: கணித மேதை ஆய்லர், 1772-இல். கால்குலேட்டர் இல்லாத காலம். இதன் வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதற்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே நாலாயிரத்துக்கு மேல். மனிதர் அப்படி மாடு மாதிரி உழைக்கவில்லை. இந்த எண் 2³¹ − 1. இதை ஒரு பகா எண் வகுத்தால், அந்த வகுத்தியிலிருந்து 1 கழித்து வருவது 62-இன் மடங்காக இருக்க வேண்டும். அதோடு வகுத்தியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தான் வரும். இரண்டையும் சேர்த்தால், வகுத்தியை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63. 46,340-க்குள் அப்படிப்பட்டவை, 1, 63 இரண்டையும் தள்ளிவிட்டால், 372 மட்டுமே. அதிலும் 249 = 3 × 83 என்பதுபோலப் பல தானாகவே கழன்றுவிடும். மிஞ்சுவதில் முதலாவது 311. வகுத்துப் பாருங்கள், மீதி 35 வரும். மற்றவையும் இப்படித்தான் கைவிரிக்கும்.

கேள்வி: 2-இன் எந்த அடுக்கிலிருந்து 1 கழித்தாலும் பகா எண் கிடைக்குமா, ஐயா?

பதில்: கிடைக்காதம்மா. அடுக்கே பகா எண்ணாக இருந்தாக வேண்டும். இருந்தும் ஏமாற்றலாம்: 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த வகையில் தேறுபவைக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். நம்முடையது எட்டாவது.

கேள்வி: (யாழ்ப்பாணத்திலிருந்து) நாங்கள் முதன்மை எண் என்று படித்தோம். அதுதானா இது?

பதில்: அதேதான். பெயர் மட்டும் வேறு.

கேள்வி: இரட்டைப் பகா எண்ணா?

பதில்: இல்லை. இரண்டு தள்ளி இன்னொரு பகா எண் இருந்தால்தான் இரட்டை. இரண்டு குறைத்தால் கடைசி இலக்கம் 5. இரண்டு கூட்டினால் இலக்கங்களின் கூட்டுத்தொகை 48, எனவே 3-ஆல் வகுபடும்.

கேள்வி: நிறைவெண்ணோடு சம்பந்தம் உண்டாமே?

பதில்: 2³⁰-ஆல் பெருக்குங்கள்: 2305843008139952128. இதன் காரணிகளில் இதை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் இதுவே திரும்ப வரும். இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811-இல் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ எழுதிவைத்தார். பயனில்லாத வேலைக்கு எவன் மெனக்கெடுவான் என்பது அவர் எண்ணம். பாவம், கணக்குப் பைத்தியங்களை அவருக்குத் தெரியவில்லை! 1876-இலேயே பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டிவிட்டார். அதிலிருந்தும் இதேபோல் இன்னும் பெரிய நிறைவெண் கிடைத்துவிடும்.

கேள்வி: கம்ப்யூட்டர் படிக்கிறேன் சார். அங்கேயும் இதே எண் வருகிறதே?

பதில்: இரும முறையில் எழுதிப் பார், தம்பி: வரிசையாக 31 ஒன்றுகள். 32 பிட்டில் (0 அல்லது 1 நிற்கும் 32 இடங்களில்) ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போனால், மிச்சத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இப்படி எண்ணிவரும் பழைய நிரல்களுக்கு 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44:07-க்கு இடம் தீர்ந்துவிடும். அடுத்த நொடி அவற்றின் நாட்காட்டி 1901 டிசம்பருக்குத் தாவும். 64 பிட்டுக்கு மாறிவிட்டவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.