திரையின் மறுமுனை – கடிதம்

அன்புள்ள சார்,

வேளச்சேரியில் நாங்கள் நான்கு பெண்கள் ஒரே வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறோம். எங்களில் ஒருத்திக்குச் சொந்த ஊர் வந்தவாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். போன வருடம் அவள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவுக்குக் கடைசி மூன்று நாள் எங்களை அழைத்துப் போனாள். அவள் வீட்டில் அத்தனை அன்பாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது. துரியோதனன் வீழும் படுகளத்தன்று ஒரு அம்மா சாமி வந்து ஆடியதை எங்களில் ஒருத்தி வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். அந்த அம்மா எங்கள் தோழியின் சித்தி. அதற்குக் கீழே வந்த கேலிகளை ஊரில் யாரோ அவரிடம் காட்டியிருக்கிறார்கள். வீடியோவை உடனே எடுத்துவிட்டோம், வாட்ஸ்அப்பில் மன்னிப்பும் கேட்டோம். பதில் வரவில்லை.

இந்த வருடமும் தோழி கூப்பிடுகிறாள். இந்த முறை வேடிக்கை பார்க்காமல் நாங்களும் கலந்துகொள்ள வேண்டும் என்று ஆசை. எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாக இல்லை. இன்னொருத்தி தீ மிதிக்கிறேன் என்கிறாள். நாங்கள் போகலாமா? போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

(பெயர் வேண்டாம்), வேளச்சேரி

அன்புள்ள வாசகிக்கு,

போங்கள். போகாமல் விட்டால் சித்தியின் மனத்தாங்கல் அப்படியே நின்றுவிடும். ஆனால் வாட்ஸ்அப் மன்னிப்பு போதாது. விழாவுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடியோ எடுத்த பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய் அவரை நேரில் பாருங்கள். அவர் சாமியாடுவதை ஊரே பார்த்திருக்கிறது, அதில் அவருக்குக் கூச்சம் இருக்காது. பார்த்தவர்கள் அவர் விழாமல் தாங்கிப் பிடித்தவர்கள், அவர் கையால் திருநீறு வாங்கியவர்கள். ஊர் பேர் தெரியாத யாரோ எங்கோ உட்கார்ந்து சிரித்ததுதான் அவரைச் சுட்டிருக்கும்.

கலந்துகொள்வது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது 1998-இல் கிடைத்தது. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நாங்கள் நான்கு பேர் ஒரே அறையில் இருந்தோம். ஒருவனுக்குச் செய்யாறு பக்கத்தில் ஊர். வைகாசியில் பாரதம் வைத்திருக்கிறார்கள், வாருங்கள் என்றான். பாரிமுனையில் பஸ் ஏறி, காஞ்சிபுரத்தில் மாறி, செய்யாறில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனோம். பகலில் கோயில் முன்னால் பாரதம் படிப்பார்கள், இரவு பத்து மணிக்கு மேல் கூத்து தொடங்கி விடிய விடிய நடக்கும். வில் வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு எல்லாம் முடிந்துவிட்டன. நாங்கள் போய் இறங்கிய அன்று கிருஷ்ணன் தூது.

ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஒருவருக்குக் காய்ச்சல். கூத்து வாத்தியார் எங்களைப் பார்த்து, "தம்பி, நீங்க ரெண்டு பேர் வந்து திரை பிடிங்க" என்றார். நானும் இன்னொரு நண்பனும் போனோம். ஒரு வேட்டி நீளத் துணி, ஆளுக்கு ஒரு முனை. பின்னால் துரியோதனன் வந்து நின்றார். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. அந்தக் கட்டைகளால்தான் அதற்குக் கட்டைக்கூத்து என்று பெயர். அரிதாரமும் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்த வாசனை. அவர் திரைக்குப் பின்னாலேயே நின்று விருத்தம் பாடுகிறார். மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால், அவ்வளவுதான் ஜனங்களுக்குத் தெரியும். கை தாழ்ந்தால் முகம் தெரிந்துவிடும். எனக்குத் தோள்பட்டை நடுங்கியது. எதிரே பாயில் ஒரு பாட்டி, மடியில் பேரன் தூங்குகிறான். சலங்கை ஒலித்ததும் அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ராஜா வருகிறார் அல்லவா. அந்த முகத்தைத் திரை பிடித்தவனால்தான் அத்தனை கிட்டத்தில் பார்க்க முடியும். விடியும்போது துணியை மடித்துக் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் டீ குடித்தோம்.

மறுநாள் மதியம் ஒரு வீட்டில் சாப்பாடு. பெரியவர் ஒருவர் ஒவ்வொருவராக விசாரித்தார். "தம்பிக்கு எந்த ஊரு? ஊரா, காலனியா?" என் நண்பன் உள்ளதைச் சொன்னான். யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்று ராத்திரி கர்ண மோட்சம். திரை எடுக்கப் போனபோது, "நீ போய் உட்காருப்பா" என்று அவனிடமிருந்து அந்த முனையை வேறொருவர் வாங்கிக்கொண்டார். நான் என் முனையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். விடியற்காலை முதல் பஸ்ஸில் அவன் சென்னைக்குப் போய்விட்டான். என்ன நடந்தது என்பதே எனக்கு மேன்ஷனுக்குத் திரும்பிய பிறகு, அவன் வாயால் கேட்டுத்தான் தெரிந்தது. அந்த ராத்திரி நானும் துணியைக் கீழே வைத்திருக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தலித் குடியிருப்பைக் குறிக்கும் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் அந்தக் கேள்வி வேறு சொல்லில் வரும். அதனால் கிளம்புவதற்கு முன் உங்கள் தோழியிடம் நேராகக் கேளுங்கள்: நாங்கள் மூன்று பேரும் உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், கோயில் வாசலில் ஒன்றாக நிற்கலாமா என்று. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். அவளுக்கும் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும். எங்களை அழைத்துப் போனவனுக்கு அந்த ஊர் தெரியும். நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சாமி ஊர்வலம் எந்தத் தெரு வரைக்கும் வருகிறது, எங்கே திரும்பிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். நான்கு பேராகப் போனால் நான்கு பேராகத் திரும்ப வேண்டும்.

2007-இல் சென்னை சங்கமம் முதன்முறையாக நடந்தபோது ஒரு பூங்காவில் தெருக்கூத்து. என்னோடு திரை பிடித்த அந்த நண்பனைக் கூப்பிட்டேன், வந்தான். புல்தரையில் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். துரியோதனன் திரைக்குப் பின்னால் விருத்தம் எடுத்ததும் அவன் கூடவே முணுமுணுத்தான். மனப்பாடம். அவன் ஊரிலும் கூத்து உண்டு, சின்ன வயதிலிருந்து கேட்டது என்றான். ஒன்பது வருடமாக எனக்கு இது தெரியாது. முடிந்ததும் வாத்தியாரிடம் போய்ப் பேசினான். அவர், "தம்பி எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னான். "அட, அங்க நான் ஆடியிருக்கேனே" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

சரி, உங்கள் மற்ற கேள்விகள். தீ மிதிப்பது வேண்டாம். அது காப்புக் கட்டி, மஞ்சள் உடுத்தி, பல நாள் விரதம் இருந்து, ஊர் எல்லை தாண்டாமல் கிடப்பவர்களின் நேர்த்திக்கடன். பிள்ளைக்கு உடம்பு சரியானதற்காக, நின்றுபோன கல்யாணம் நடந்ததற்காக மிதிக்கிறவர்கள் வரிசையில், அனுபவத்துக்காக ஒருத்தி நிற்பது சரியில்லை. குழியில் தடுக்கி விழுந்து வெந்தவர்களும் உண்டு.

நம்பிக்கை இல்லாதது தடையே இல்லை. படுகளத்தன்று துரியோதனன் படுத்திருப்பதுபோல் களிமண்ணால் பெரிய உருவம் செய்வார்கள், போன வருடம் பார்த்திருப்பீர்கள். முடிந்த உருவத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். அந்த மண்ணை வெட்டிக் கூடை கூடையாகச் சுமந்து கொட்ட ஆள் வேண்டும், தண்ணீர் ஊற்றி மிதிக்க ஆள் வேண்டும். கண்ணும் மீசையும் வரைய மட்டும் கை தெரிந்தவர் வேண்டும். பீமன் தொடையைப் பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள், அதற்குப் பூ கட்டித் தர வேண்டும். பிறகு அந்த மண்ணைப் பெண்கள் பிடி பிடியாக வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். மூன்று கூடை மண் சுமந்திருந்தீர்கள் என்றால், அந்த ஒரு பிடி உங்கள் கைக்கும் வரும். அப்போது நம்பிக்கை இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பணம் கொடுப்பதில் ஒரு பக்குவம் வேண்டும். விழா வரி அந்த ஊர்க் குடும்பங்களுக்கு உரியது, அதை நீங்கள் கொடுக்க முடியாது. மைக்கில் பேர் வரும்படி நன்கொடையும் வேண்டாம். கூத்து நடக்கும்போது நடிகருக்கு அன்பளிப்பாக ஐம்பது, நூறு கொடுங்கள், அது வழக்கம்தான், ராத்திரி முழுக்க ஆடுகிறவர்களுக்கு அது தேவையும்கூட.

அப்புறம், கூத்து மேடை நெடுங்காலம் ஆண்கள் கையில்தான் இருந்தது, திரௌபதி வேடமும் அவர்களே கட்டுவார்கள். இப்போது அது மாறிவருகிறது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய பள்ளியில் பெண் பிள்ளைகளும் கூத்துப் படித்தார்கள். அதனால் வாத்தியாரிடம் போய், திரை பிடிக்கட்டுமா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். இருவராகக் கேளுங்கள்.

சித்தி வீட்டுக்குப் போகும்போது பழம், பூ வாங்கிப் போங்கள். பேசி முடித்ததும், விழாவுக்கு எத்தனை மணிக்கு வரட்டும், என்ன வேலை இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.