மைலேஜை விடுங்கள், மடிப்பாக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான அம்மா, நான். முதல் முறையாகக் கார் வாங்கப் போகிறோம். எல்லாம் சேர்த்து 7 லட்சத்துக்குள் முடிய வேண்டும். நம்பி வாங்கலாம் என்று எந்தக் காரைச் சொல்வீர்கள்? நல்ல மைலேஜ் கொடுக்க வேண்டும், அதுதான் முக்கியம். – வாசகர், மடிப்பாக்கம், சென்னை-91.

பதில்: இரண்டு குழந்தைகள், வயதான அம்மா என்று எழுதிவிட்டு, 'அதுதான் முக்கியம்' என்று மைலேஜைச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஊரே அப்படித்தான் இருக்கிறது.

கல்யாணப் பந்தியில் கார் பேச்சு எடுத்தால் கவனியுங்கள். சாம்பார் வரும்போது ஒருவர், "எனக்கு 18 கொடுக்குது" என்பார். பக்கத்து இலைக்காரர், "ஹைவேல 22" என்பார். ரசம் வருவதற்குள் எதிர் வரிசையிலிருந்து, "ஏசி போட்டே 25" என்று குரல் வரும். பாயசத்தின்போது மாப்பிள்ளையின் சித்தப்பா, திண்டிவனம் வரை கியரே மாற்றாமல் போன கதையைச் சொல்லி 30-ஐத் தொட்டுவிடுவார். மோர் ஊற்ற வந்தவரும் வாளியோடு நின்று கேட்பார், அவரிடமும் ஒரு எண் இருக்கும். எத்தனையோ பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். "உங்க வண்டியில பின்சீட்டு பெல்ட்டு வேலை செய்யுதா?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சரி, கணக்குப் போடுவோம். வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்று வையுங்கள். லிட்டருக்கு 20 கொடுக்கும் வண்டிக்கு 400 லிட்டர் பெட்ரோல். 17 கொடுக்கும் வண்டிக்கு 470. வித்தியாசம் 70 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 7,000, மாதத்துக்கு 600 ரூபாய்கூட வராது. இதற்காகவா குழந்தைகள் உட்காரும் கூட்டின், அதாவது கார் உடம்பின், உறுதியில் சமரசம் செய்யப் போகிறீர்கள்? விளம்பரத்தில் வரும் மைலேஜ் எண், சோதனைக் கூடத்தில் அளந்து எடுத்தது. மெட்ரோ பணி நடக்கும் மேடவாக்கம் சாலையில் காலை ஒன்பது மணிக்கு அந்த எண்ணை எந்த வண்டியும் தராது. போதாததற்கு, பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் எரிசக்தி குறைவு என்பதால் மைலேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

கார்களை மோதவிட்டு, பாதுகாப்புக்கு ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, 2014-ல் இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை ஏர்பேக் இல்லாத, விலை குறைந்த அடிநிலை வகையில் மோதிப் பார்த்தது. ஆல்டோ, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து கார்களுக்கும் பூஜ்ய நட்சத்திரம். அப்போது நாடே அதிர்ந்தது. பிறகுதான் சட்டம் அசைந்தது: 2019-ல் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம், 2021-ல் பக்கத்து சீட்டுக்கும் கட்டாயம். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம் நாட்டுக்கே ஒரு சோதனை வந்துவிட்டது. ஆனாலும் ஷோரூமுக்குப் போகிறவர்கள் கேட்பது மைலேஜ், அதற்கு அடுத்தது சன்ரூஃப். மே மாத வெயிலில் தலைக்கு மேல் கண்ணாடி எதற்கு என்று இந்தப் பக்கத்தில் முன்பே எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்: அந்தப் பணத்தில் ஒரு நல்ல குழந்தை இருக்கை வாங்குங்கள். முன்சீட்டில் அம்மா மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு போகும் கார்களை ஈசிஆரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிறேன், வயிற்றைக் கலக்குகிறது. மோதினால் ஏர்பேக் விரியும் வேகத்தில் முதல் அடி அந்தக் குழந்தைக்குத்தான்.

பின்சீட்டும் அப்படித்தான். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த மெர்சிடிஸ். அவர் பின்சீட்டில், பெல்ட் போடாமல் இருந்தார். உங்கள் அம்மா பின்சீட்டில்தான் உட்காரப் போகிறார். புடவை கசங்கும் என்பார். கேட்காதீர்கள், போட்டுவிடுங்கள்.

நம்பகம் பற்றிக் கேட்டீர்கள். பழுதாகாத கார் என்று ஒன்று கிடையாது. பழுதானால் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு செலவில் சரியாகும் என்பதுதான் விஷயம். இதைச் சென்னைக்காரர்கள் நன்றாகவே அறிவார்கள். தாம்பரம் தாண்டி வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. ஹெரால்டு செய்தார்கள், கெஸல் செய்தார்கள். 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. வெளியே ரோவர் காரின் அழகான உடம்பு, உள்ளே பழைய வான்கார்டு இன்ஜின். சில வருடங்களில் கம்பெனியே மூடிவிட்டது. அதை ஆசையாக வாங்கியவர்கள், ஒரு கண்ணாடிக்கும் ஒரு விளக்குக்கும் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அப்புறம் செவர்லே 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. டட்சனும் அதே வருடம் கிளம்பியது. கார் வாங்குவதற்கு முன், உங்கள் தெரு மெக்கானிக்கிடம் போய், "இந்த வண்டிக்குப் பொருள் கிடைக்குதா அண்ணே, கிளட்ச் மாத்த என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அவர் முகம் சுளித்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

இனி பெயர் சொல்கிறேன். புதிதாக வாங்குவதென்றால் டாடா டியாகோ. 2020-ல் குளோபல் என்கேப்பில் 4 நட்சத்திரம் வாங்கியது. கொஞ்சம் உயரமாக வேண்டும், அம்மாவுக்கு ஏறி இறங்க வசதி வேண்டும் என்றால் பஞ்ச்சின் அடிநிலை வகை, 2021-ல் 5 நட்சத்திரம். சர்வீஸ் சென்டர் பரவலில் மாருதிக்கு ஈடில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் கைகாட்டும் வேகன்-ஆர் 2023-ல் அதே அமைப்பின் சோதனையில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. இப்போது அதில் ஆறு ஏர்பேக் வைத்துவிட்டார்கள், நல்லதுதான். ஏர்பேக்கைச் சுற்றி இருக்கும் கூடும் உறுதியாக இருக்க வேண்டுமே! மாருதிதான் வேண்டும், கொஞ்சம் கூடப் போட முடியும் என்றால் 2024 நவம்பரில் வந்த புது டிசையரைப் பாருங்கள். குளோபல் என்கேப்பில் 5 நட்சத்திரம் வாங்கிய முதல் மாருதி அது. மைலேஜுக்கும் குறையில்லை.

பட்ஜெட்டில் ஏமாந்துவிடாதீர்கள். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது. ஆனால் தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 13 சதவீதம். 6 லட்சம் ஷோரூம் விலை என்றால் வரி மட்டும் 78,000. அதன் மேல் இன்சூரன்ஸ், 'ஹேண்ட்லிங்' என்று ஒரு பெயர் தெரியாத கட்டணம். ஷோரூமில் கொடுக்கும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வெளியில் விசாரித்து வாங்கலாம் என்று எழுதியதற்கு, கார் விற்கும் ஒரு நண்பர் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். பேசாவிட்டால் பரவாயில்லை. வெளியில் விசாரியுங்கள்.

பழைய கார் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் 7 லட்சம் வைத்திருப்பவரிடம் யாராவது அதைச் சொல்லியே தீருவார்கள். வாங்குங்கள், ஆனால் சென்னையில் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். பின்சீட்டு பெல்ட்டைப் பிடித்து, கடைசி வரை வெளியே இழுங்கள். தினமும் கண்ணில் படும் பகுதி பளிச்சென்று இருக்கும். உள்ளே சுருண்டு கிடந்த கடைசி ஒரு சாணில் சேற்றுக்கோடு இருந்தால், அது வெள்ளத்தில் நின்ற வண்டி. சீட்டுக்கு அடியில் தண்டவாளம் போல ஓடும் இரும்பைத் தடவுங்கள், துரு கையில் வரும். தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். எவ்வளவு வாசனைத் திரவம் அடித்திருந்தாலும் ஊறிய ஜமக்காள நாற்றம் போகாது. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டிலும் இந்த ஊரில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அவற்றில் பல துடைத்து, பாலிஷ் போட்டு, மறுபடி விற்பனைக்கு வந்தன.

உங்கள் முகவரிதான் என்னை இவ்வளவு எழுத வைக்கிறது. மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் சதுப்பு நிலத்தின் மடியில் எழுந்த ஊர்கள். 2022-ல் அந்தச் சதுப்புக்கு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. மிஞ்சியிருப்பது பழையதில் ஒரு சிறு பகுதி. தண்ணீருக்குப் போக இடமில்லை, உங்கள் தெருவுக்கு வருகிறது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வேறு வழி என்ன? மழைக்காலத்தில் மேட்டில் ஒரு பொது நிறுத்துமிடம் வேண்டும், வணிக வளாகங்களின் மேல்தளங்களை அந்த நாட்களிலாவது திறந்துவிட வேண்டும் என்று மாநகராட்சியிடம் இந்தப் பக்கத்தில் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இனியும் கேட்பேன்.

அதுவரை உங்கள் கையில் இருப்பது இதுதான். கார் தண்ணீரில் நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் செய்தால் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய், கனெக்டிங் ராடு வளைந்து, இன்ஜினே போய்விடும். சாதாரண பாலிசியில் அந்தச் செலவைத் தர மாட்டார்கள், நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லிவிடுவார்கள். பாலிசி தாளில் 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்த்துத் தரும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.