ஒரே நேரத்தில் நாலு பேர் கூப்பிட்டால் நர்ஸ் யாரிடம் முதலில் போக வேண்டும்?

கேள்வி: நர்சிங் முடித்து இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். நைட் டூட்டியில் ஒரே சமயத்தில் நாலு பேர் கூப்பிடுகிறார்கள். யாரை முதலில் பார்ப்பது? காலேஜில் சொல்லிக்கொடுத்த ஏபிசி போதுமா? வரிசையை மாற்றினால் கூட வந்தவர்கள் சண்டைக்கு வருகிறார்களே, என்ன செய்வது?

பதில்:

உங்கள் கடைசி வரியைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அந்தச் சண்டையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். ராத்திரியில் ஒரு ஸ்டாஃப், ஒரு டிரெய்னி, டாக்டர் மாடியில். பெரிய ஆஸ்பத்திரி என்றால் வாசலிலேயே அவசரத்தைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து அனுப்பிவிடுவார்கள். அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்வதில் பாதிதான் பொருந்தும்.

ஏபிசி சரிதான். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், அந்த வரிசையை யாரும் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் எந்த நோயாளியும் "எனக்கு மூச்சில் பிரச்சினை" என்று சரியான இடத்தைக் காட்டிக்கொண்டு வரமாட்டார். வயிற்று வலி என்று வருவார்.

நான் வேலை பார்த்தது ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், உச்சிப்புளி, மண்டபம் வட்டாரத்தில். அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை, அவை போய்வரும். விடியற்காலையில் நாட்டுப்படகுக்காரர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டமே உள்ளே வந்தது. கணுக்காலில் திருக்கை முள் அடித்திருந்தது. திருக்கை அடித்தவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வலியில் ஆள் கத்துவது ரோடு வரைக்கும் கேட்கும். அதே நேரத்தில் வார்டில் ஒரு பாட்டிக்கு டிரிப் முடிந்து "தாயி, தாயி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பெஞ்சில் ஒரு பையனும் அவன் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். "எந்திரிச்சதுல இருந்து வயித்து வலிங்கிறான், ரெண்டு தடவ வாந்தி. ராத்திரி தின்ன நண்டு சேரலை போல" என்றார் அந்த அம்மா. கூட்டத்துக்குப் பயந்து அவர் எழுந்துகூட வரவில்லை.

திருக்கைக்காரரை முதலில் பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. நெஞ்சிலோ வயிற்றிலோ குத்து இல்லை, ரத்தம் பீறிடவில்லை, அவ்வளவு சத்தமாகக் கத்துகிறார் என்றால் மூச்சுப்பாதையும் மூச்சும் நன்றாக இருக்கிறது. பார்த்து முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. அப்புறம் பையனைப் பார்த்தேன். இரண்டு கண் இமையும் பாதிக்குத் தொங்கியிருந்தன. அம்மா "தூக்கக் கலக்கம்" என்றார். பெயர் கேட்டேன், மூக்கால் பேசினான். படுக்க வைத்துத் தலையைத் தூக்கச் சொன்னேன், முடியவில்லை. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன், பன்னிரண்டில் நின்றுவிட்டது. ராத்திரி எங்கே படுத்தாய் என்று கேட்டதற்கு, வீட்டில் புழுக்கம் தாங்காமல் படகுக்குப் பக்கத்தில் மணலில் என்றான்.

எங்கள் பக்கம் இதைக் கேட்டதுமே கட்டுவிரியன் பாம்பு ஞாபகம் வர வேண்டும். ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலி அவ்வளவாக இருக்காது, பல் தடம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. விடியும்போது வயிற்று வலி, வாந்தி, அப்புறம் இமை தொங்கும், கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோகும். கடல் பாம்பாக இருக்குமோ என்றும் ஒரு நிமிடம் யோசித்தேன். அதற்கு உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலிக்கும், சிறுநீர் கறுத்துப் போகும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து கடல் பாம்புக்கு வேலை செய்யாது என்பதால் அந்த வித்தியாசம் முக்கியம். ஆனால் பையன் விசைப்படகுக்காரன், கடலுக்கே போகவில்லை.

இதற்குள் பின்னாலிருந்து ஒருவர் "காலு போச்சுன்னு மனுசன் கதறுறான், வயித்து வலிக்காரன்கிட்டப் போய் நிக்கிறியே, நீயெல்லாம் நர்ஸா?" என்று ஆரம்பித்தார். நான் பதில் பேசவில்லை, வேலை கொடுத்தேன். "அண்ணே, கேன்டீன்ல சுடுதண்ணி ஒரு வாளி வாங்கிட்டு வாங்க. கால் பொறுக்கிற சூட்டுக்குக் கலந்து, அடிபடாத காலை முதல்ல விட்டுப் பாருங்க, அப்புறம் அடிபட்ட காலை முக்கி வையுங்க. ஆறினா மாத்துங்க." திருக்கை விஷம் சூட்டில் செயலிழக்கும். சுமார் 45 டிகிரி தண்ணீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி நன்றாகக் குறையும். அதுதான் அவருக்கு அந்த நேரத்துச் சிகிச்சை. ஆளை ஒதுக்க நான் செய்த தந்திரம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது, டெட்டனஸ் தடுப்பூசி எல்லாம் அப்புறம்தான். பாட்டியின் டிரிப்பை மூடிவிடச் சொல்லி டிரெய்னியை அனுப்பினேன்.

டாக்டர் மாடியில் பிரசவ அறையில் இருந்தார். போனில் நான் சொன்னது இதுதான்: "வயித்து வலின்னு வந்த பையன். ரெண்டு இமையும் தொங்குது, தலையைத் தூக்க முடியலை, ஒரே மூச்சுல பன்னிரண்டுக்கு மேல எண்ண முடியலை. சாச்சுரேஷன் 97. ராத்திரி மணல்ல படுத்திருக்கான். நீங்க இப்பவே கீழே வரணும்." இப்படிச் சொல்லுங்கள். "ஒரு மாதிரியா இருக்கான் டாக்டர்" என்றால் அவர் வர கால் மணி நேரம் ஆகும். சாச்சுரேஷன் என்பது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு. அந்த 97ஐயும் நம்பி உட்காராதீர்கள். தசை தளர்ந்து மூச்சு குறையும்போது சாச்சுரேஷன் கடைசியில்தான் விழும்.

டாக்டர் இறங்கி வருவதற்குள் எண்ணிக்கை எட்டாகக் குறைந்திருந்தது. எச்சிலை உறிஞ்சி எடுக்கும் சக்ஷனும், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேகும் தலைமாட்டில் இருந்தன, விஷமுறிவு மருந்து ஒவ்வாமல் போனால் கொடுக்க அட்ரினலின் சிரிஞ்சில் எடுத்துத் தயாராக இருந்தது. அவர் சொல்லி விஷமுறிவு மருந்து 10 குப்பி போட்டோம், டாக்டர் மூச்சுக்குழாயில் டியூப் போட்டார், 108இல் ராமநாதபுரம் அனுப்பினோம். வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தான். திருக்கைக்காரர் வீட்டில் யாரும் வந்து மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பில் கட்டும்போதும் முறைத்துக்கொண்டுதான் போனார்கள்.

"நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை, நர்ஸ் எதற்கு இதெல்லாம்" என்று கீழே ஒருவர் எழுதுவார் என்று தெரியும். நான் நோய்க்குப் பெயர் வைக்கவில்லை, மருந்தும் எழுதவில்லை. பார்த்ததைச் சொன்னேன், யாரிடம் முதலில் போவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு நர்ஸுடையதுதான், டாக்டர் மாடியில் இருக்கும்போது வேறு யார் எடுப்பது?

பழக்கத்துக்கு ஒன்று சொல்கிறேன். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எந்த ஆஸ்பத்திரி சார்ட்டை எடுத்தாலும் மேலிருந்து கீழ்வரை எல்லாருக்கும் 20, 20, 20 என்று இருக்கும். எண்ணாமல் எழுதியது. ஆள் மோசமாகும்போது பல நேரம் முதலில் மாறுவது அந்த எண்தான். ஆபரேஷன் முடிந்தவர் திடீரென்று ட்யூபைப் பிடுங்கிக்கொண்டு அடம்பிடித்தால் திட்டாதீர்கள், ஆக்சிஜன் பாருங்கள். நோன்பு மாதத்தில் கீழக்கரைப் பக்கம் சர்க்கரை மாத்திரையை சஹரில் (விடியுமுன் சாப்பிடும் சாப்பாட்டில்) போட்டுக்கொண்டு சாயங்காலம் வியர்த்துப்போய்ப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்களில் நைட் டூட்டி போகிற பெண்ணுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது. "கண்ட நேரத்துல வருவா, போவா" என்பார்கள். அதே வீட்டுக்காரம்மா ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டி, "சிஸ்டர், மாமாவுக்குப் பிரஷர் பாத்துட்டுப் போங்களேன்" என்பார். கண்ட நேரம் அப்போது நல்ல நேரமாகிவிடும். கொரோனா சமயத்தில் கைதட்டியவர்களும் இவர்கள்தான். சரி, விடுங்கள்.

சண்டைக்கு வருகிறவர்கள் விஷயம். எல்லாரையும் சமாதானப்படுத்திவிட்டு வேலை பார்க்க முடியாது. "உங்களை மறக்கலை, பத்து நிமிஷத்துல வரேன்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். காத்திருப்பவரும் அதற்குள் மாறியிருக்கலாம், அதனால் மறுபடி பார்க்கத்தான் வேண்டும். இரண்டு பேருமே உயிர் போகிற நிலையில் இருந்தால் யாரிடம் போவது என்று யோசித்து நிற்காதீர்கள், சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வாட்ச்மேனாக இருந்தாலும் ஆம்பு பேகையும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொடுக்கக் கை இருக்கும். வேலை முடிந்ததும் நோட்ஸில் நேரத்தோடு எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், என்ன இருந்தது, டாக்டரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார். மறுநாள் புகார் வந்தால் இன்சார்ஜ் முதலில் கேட்பது அந்த நோட்ஸைத்தான்.