வேப்ப இலை அடைக்கும் மாடிக் குழாய்

திருநகர் வீட்டு மொட்டைமாடியில் மழைத்தண்ணி தேங்குது, வேப்பமரத்தை வெட்டிடலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு வெட்டாதீங்க, மதுரை வெயிலுக்கு அந்த நிழல் திரும்பக் கிடைக்காது.

கோளாறு ஜாலியில, அதாவது மாடிக் குழாய் வாயில மாட்டுற ஓட்டை போட்ட மூடியில. தட்டை ஜாலின்னா நனைஞ்ச இலை அப்பளம் மாதிரி ஒட்டிக்கும். குமிழ் ஜாலி போடுங்க. அடியில இலை சேர்ந்தாலும் மேல் ஓட்டை வழியா தண்ணி இறங்கும். இலையைவிட ஈர்க்குதான் எமன். ஓட்டைக்குள்ள நழுவி, கீழ் வளைவுல குறுக்கே நிக்கும்; பூத்தூளும் மண்ணும் அதுல இறுகிடும். அங்க 4 அங்குல டோர் பெண்டு, அதாவது திறக்குற மூடி வச்ச வளைவுக் குழாய் மாட்டினா, மூடியைத் திறந்து கையாலயே எடுத்திடலாம். ஆசிட் ஊத்தாதீங்க.

மாசி, பங்குனியில இலை கொட்டும்போது தினமும் கூட்டணும். ஐப்பசிக்கு முன்னாடி 2 வாளி தண்ணி ஊத்திப் பாருங்க. கூட்டின சருகை எரிக்காம மரத்தடியிலயே போடுங்க.