கல்லாயுதம் செய்ய எந்தச் சுத்தியல்?

கேள்வி: பூண்டி அகழ்வைப்பகத்தில் கற்காலக் கைக்கோடாரிகளைப் பார்த்ததிலிருந்து, அது மாதிரி ஒன்றை நானே செய்து பார்க்க ஆசை. வீடியோக்களில் மான் கொம்பு, செம்புத் தலை வைத்த கட்டை என்று விதவிதமாக வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்த இரும்புச் சுத்தியலால் அடித்தேன். விளிம்பு பொடியாகிறதே தவிர சில்லு பெயரவில்லை. எந்தக் கருவியில் தொடங்கட்டும்?
– வாசகர், திருவள்ளூர்

பதில்: இரும்பை எடுத்து வைத்துவிடுங்கள். நிலவியல் ஆசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களுக்குச் செய்து காட்டலாம் என்று நானும் இரும்பில்தான் தொடங்கினேன். ஒரு மாதம் வீண். பட்ட இடம் நொறுங்கும், அவ்வளவுதான்.

உங்களுக்கு வேண்டியது ஒரு கூழாங்கல். பூண்டியில் பார்த்த கைக்கோடாரிகளில் ஆழமான குழித் தழும்புகளைக் கவனித்தீர்களா? கல்லைக் கல்லால் அடித்த தடம் அது. பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே குவார்ட்சைட் என்ற கடினமான கல்லில் கைக்கோடாரி செய்திருக்கிறார்கள்.

முட்டை வடிவக் கல்லாகப் பாருங்கள். கிரிக்கெட் பந்து அளவென்றால் ஏறக்குறைய அரை கிலோ இருக்கும். முதல் கல்லுக்கு அது போதும். இன்னொன்று அதில் பாதி எடையில், விளிம்பைத் திருத்த. எடுத்ததும் வேறொரு கல்லால் லேசாகத் தட்டிக் கேளுங்கள். கணீரென்றால் வைத்துக்கொள்ளுங்கள். மண்பானை விரிசல் விட்ட மாதிரி மந்தமாகக் கேட்டால் உள்ளே கீறல் இருக்கிறது. அடிக்கும்போது கையிலேயே பிளக்கும். நர்சரியில் விற்கும் அலங்காரக் கற்களில் மெருகேற்றியது வழுக்கும். முனையைச் சிமென்ட் தரையில் நாலு தேய்ப்புத் தேய்த்தால் பிடிப்பு வந்துவிடும்.

மான் கொம்பை மறந்துவிடுங்கள். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காட்டில் தானாக உதிர்ந்து கிடந்தாலும் தொடாதீர்கள். செம்பு இந்தக் காலத்துக்காரர்களின் வசதி, அப்புறம் பார்க்கலாம். மெல்லிய சில்லு பெயர்க்க மென்மையான கருவி வேண்டுமென்றால் மணற்பாறைக் கூழாங்கல்லே நன்றாக வேலை செய்யும். அடிபடும் கல்லைவிட மென்மையானது என்பதால் விளிம்பைக் கவ்வி இழுக்கும். சில்லு அகலமாக, தட்டையாக வரும்.

சரி, அடிப்பது எப்படி? தொடையில் தடித்த தோலோ மடித்த பழைய டயர் டியூபோ போட்டு, உடைக்கப்போகும் கல்லை அதன்மேல் இடது கையால் அணைத்துப் பிடியுங்கள். அடிக்கும் பரப்புக்கும் சில்லு பெயர வேண்டிய முகத்துக்கும் இடையிலுள்ள கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்கட்டும். அதற்கு மேல் போனால் எந்தச் சுத்தியலும் உதவாது. விளிம்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து மழுக்கிவிட்டு, அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி அடியுங்கள். சுத்தியலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். அடி பட்டதும் கையை நிறுத்தாமல் கீழே போகவிடுங்கள். சரியாக விழுந்தால் ‘டக்’கென்ற சத்தத்தோடு சில்லு கீழே தோலில் ஒட்டியபடி நிற்கும். திருப்பிப் பாருங்கள், அடி பட்ட இடத்துக்குக் கீழே சின்னதாக ஒரு புடைப்பு இருக்கும். முதன்முதலில் அதைத் தடவிப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை.

குவார்ட்சைட் முரட்டுக் கல். கை பழகத் தடித்த பாட்டிலின் அடிப்பாகத்தில், சின்னக் கல்லை வைத்துத் தொடங்குங்கள். கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, காலுக்கு ஷூ கட்டாயம். செருப்போடு உட்கார்ந்து புறங்காலில் மூன்று தையல் வாங்கியவன் சொல்கிறேன். கல்தூசி நுரையீரலுக்கு ஆகாது. திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசுகிற மாதிரி உட்காருங்கள்.

ஒரு வேண்டுகோள். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கல்லாயுதத்தைக் கண்டெடுத்ததிலிருந்து உங்கள் வட்டாரம் முழுக்க ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிற மண். அங்கே கிடக்கும் பழைய கல் எதையும் சுத்தியலுக்காகக்கூட எடுக்காதீர்கள். நீங்கள் உடைத்த சில்லுகளையும் வயலில் கொட்டாமல், விரிப்போடு சேர்த்து வாரிச் சாக்கில் கட்டுங்கள். உள்ளே இந்த வருடம் அச்சிட்ட ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைப் போட்டுவிடுங்கள், பின்னால் யாராவது கண்டெடுத்தால் இது கற்காலத்தது இல்லை என்று தெரியட்டும்.